மார்கழிக் குழாய்க்குள் என்ன ஓடுகிறது?

காங்கேயத்திலிருந்து வெள்ளக்கோவில் போகும் வழியெல்லாம் களங்கள். உடைத்த தேங்காய் மூடிகள் வெயிலில் மல்லாந்து கிடக்கும். காய்ந்து சுருங்கிய தேங்காயை இங்கே கொப்பரை என்று சொல்வதைவிடப் பருப்பு என்றுதான் அதிகம் சொல்வார்கள். பருப்பு மில்லுக்குப் போய் எக்ஸ்பெல்லரில் நசுங்கி எண்ணெயாகும். அப்படி ஒரு மில்லில், ஒரு மார்கழி மாதக் காலையில், குழாயின் மேல் வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்த மேஸ்திரி ஒருவரைப் பார்த்தேன்.

"எண்ணெய் உறைஞ்சிருச்சுங்களா?" என்று கேட்டேன்.

"முழுசா உறையலீங்க. ஓரமெல்லாம் கட்டிக்கிச்சு. நடுவால மட்டும் போகுதுங்க" என்றார்.

இரும்புக் குழாய். உள்ளே எதுவும் தெரியாது. எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "மோட்டாரு சத்தம் மாறுமுங்க" என்று கியர் பம்பைக் காட்டினார்.

அவர் சொன்னது இயற்பியல்படி மிகச் சரி. தேங்காய் எண்ணெய் சுமார் 24, 25 டிகிரியில் உறையத் தொடங்கும். கொங்கு நாட்டு மார்கழி விடியலில் இரும்புக் குழாயின் சுவர் அதற்கும் கீழே குளிர்ந்திருக்கும். ஆகவே எண்ணெய் முதலில் சுவரோரத்தில் கட்டும். நடுவில் இளகியே இருக்கும். ஓட்டத்துக்குக் கிடைக்கும் பாதை குறுகும். குழாயின் ஆரம் பாதியானால் ஓட்டமும் பாதியாகும் என்று நினைக்கத் தோன்றும். அப்படியல்ல. அதே அழுத்தத்தில் ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகிவிடும். ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்து ஓட்டம் மாறும் என்று 1840களில் கண்டு சொன்னவர் புவாசேய் என்ற பிரெஞ்சு மருத்துவர். ரத்தம் நுண்குழாய்களில் எப்படி ஓடுகிறது என்பதுதான் அவருடைய கேள்வி. ஆனால் சோதனைகளை அவர் ரத்தத்தில் நடத்தவில்லை, மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் தண்ணீரை ஓட விட்டு நடத்தினார்.

இந்த வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று உறுத்தும். பாய்மங்களின் அறிவியல் பெரும்பாலும் கண்ணாடி வழியாகப் பார்த்து வளர்ந்தது. 1883இல் மான்செஸ்டரில் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் ஒரு கண்ணாடிக் குழாயில் தண்ணீரை ஓட விட்டு, நடுவே மெல்லிய சாயக் கோடு ஒன்றைச் செலுத்தினார். மெதுவாக ஓடும்வரை கோடு நூல் பிடித்தாற்போல் நேராகப் போனது. வேகம் கூடியதும் சிதறிக் குழம்பியது. சீரோட்டம், கொந்தளிப்பு என்று இன்றைக்குப் பொறியியல் மாணவர்கள் படிப்பது அந்தக் கோட்டிலிருந்து பிறந்தது. பின்னாளில் 1964இல் லேசர் டாப்ளர் முறை வந்தபோதும், ஒளி உள்ளே போய்த் திரும்பி வரக்கூடிய நீர்மங்களுக்கே அது உதவியது. ஆனால் தொழிலில் ஓடுவது தெளிந்த நீரா? எண்ணெய்க் கசடு, பெயின்ட், கிரீஸ், கரும்புப் பாகு, சேலத்துச் சவ்வரிசி ஆலைகளின் மரவள்ளி மாவுப்பால் என்று பெரும்பாலானவை கலங்கலானவை. எதை அளக்க வேண்டுமோ அது கண்ணுக்குத் தெரியாது. எது கண்ணுக்குத் தெரியுமோ அதை வைத்துத்தான் சூத்திரம் எழுதினோம்.

கண்ணுக்குத் தெரியாததை அளக்கவே முடியாது என்றும் சொல்லிவிட முடியாது. மைக்கேல் பாரடே 1832இல் லண்டனின் வாட்டர்லூ பாலத்திலிருந்து தேம்ஸ் ஆற்றுக்குள் உலோகத் தகடுகளை இறக்கினார். பூமியின் காந்தப்புலத்தைக் குறுக்கே கடந்து ஓடும் நீர் சிறு மின்னழுத்தத்தை உண்டாக்க வேண்டும், அதை அளந்தால் ஓட்டம் தெரியும் என்பது கணக்கு. அன்றைய கருவிகளுக்கு அந்தச் சமிக்ஞை பிடிபடவில்லை. ஆனால் யோசனை சரியானது. அதே யோசனைதான் இன்று மின்காந்த ஓட்டமானியாக ஆலைகளில் வேலை செய்கிறது. திருப்பூர்ச் சாயக் கழிவைப் பாருங்கள். கருநீலமாக, கருஞ்சிவப்பாக, ஒரு சாண் ஆழம்கூடத் தெரியாத நீர். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட அளவுக்கு நொய்யல் ஆற்றைக் கெடுத்த நீர். நம் கண்ணுக்கு அது இருட்டு. ஆனால் அதில் உப்பு ஏராளமாகக் கரைந்திருப்பதால் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். பாரடேயின் விதிக்கு அதன் நிறம் ஒரு பொருட்டே இல்லை.

தேங்காய் எண்ணெய் இதற்கு நேர் எதிர். மின்சாரத்தைக் கடத்தாது. எனவே மின்காந்த ஓட்டமானி அதில் வாய்பொத்தி நிற்கும். கேளா ஒலியால் அளக்கலாம். நன்றாகவே அளக்கலாம், விலையும் மலிவு. ஆனால் காற்றுக் குமிழிகள் நுழைந்தால் அந்த ஒலி தடுமாறும். எண்ணெயில் ஒலியின் வேகம் வெப்பநிலைக்கேற்ப மாறும். சுவரோரம் அரை மில்லிமீட்டர் கட்டியிருக்கிறதா, ஒரு மில்லிமீட்டரா என்று பிரித்துச் சொல்ல அதன் அலைநீளம் பெரும்பாலும் போதாது. இப்படிப்பட்ட ஓட்டமானிகளில் பல, மொத்தமாக எத்தனை லிட்டர் போயிற்று என்று மட்டும் சொல்லும். மேஸ்திரி கேட்பது அதையல்ல. உள்ளே எந்த இடம் ஓடுகிறது, எந்த இடம் நின்றுவிட்டது என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும்.

இங்கேதான் டெராஹெர்ட்ஸ் அலைகள் வருகின்றன.

வானொலி அலைக்கும் ஒளிக்கும் இடைப்பட்ட ஒரு பகுதி இது. நொடிக்கு ஒரு லட்சம் கோடி முறை அதிர்ந்தால் அது ஒரு டெராஹெர்ட்ஸ். அதன் அலைநீளம் சுமார் 0.3 மி.மீ. நுண்ணலைக்கு மேலே, அகச்சிவப்புக்குக் கீழே இருக்கும் இந்தப் பட்டை நெடுங்காலம் தரிசாகவே கிடந்தது. மின்னணுச் சுற்றுகளால் அவ்வளவு வேகமாகத் துடிக்க முடியவில்லை. லேசர்களால் அவ்வளவு மெதுவாக அதிர முடியவில்லை. ஆனால் அதன் கீழ் விளிம்புக்கு மிக அருகில் முதலில் கால்வைத்தவர்களில் ஒருவர் நம் நாட்டுக்காரர். ஜகதீச சந்திர போஸ் 1890களில் கல்கத்தாவில் 5 மி.மீ. அலைநீளம் வரையிலான அலைகளை உண்டாக்கிக் காட்டினார். இன்றைய கணக்கில் 60 கிகாஹெர்ட்ஸ். அலையின் அதிர்வுத் திசையை வடிகட்ட அவர் எடுத்துக்கொண்டது ரயில் கால அட்டவணைப் புத்தகம்; தாள்களுக்கு நடுவே தகரத் தாளைச் செருகினார். அதிர்வுத் திசையைத் திருப்ப முறுக்கிய சணல் கற்றைகளை வைத்தார். கையில் இருப்பதை வைத்துக் கருவி செய்யும் இந்தப் புத்தி கோயம்புத்தூர்ப் பட்டறைகளுக்கு நன்றாகப் புரியும்.

சரி, இந்த அலை எண்ணெய்க்குள் எப்படிப் புகுகிறது? அதற்கு முன், கலங்கிய எண்ணெய்க்குள் ஒளி ஏன் புகுவதில்லை என்று பார்ப்போம். எக்ஸ்பெல்லரிலிருந்து அப்போதுதான் வந்த எண்ணெயில் பருப்புத் துகள்கள் மிதக்கும். மார்கழியில் கூடவே கொழுப்புப் படிகங்களும் சேரும். ஒளியின் அலைநீளம் அரை மைக்ரான். துகள்களோ பல மைக்ரான், சில பத்து மைக்ரான். ஒளி ஒவ்வொன்றிலும் மோதித் திசைமாறும். நூறு முறை திசைமாறிய ஒளி எங்கிருந்து வந்தது என்ற சேதியையே தொலைத்துவிடும். அதனால்தான் உறைந்த எண்ணெய் வெள்ளையாகத் தெரிகிறது. கீழ்பவானி வாய்க்காலில் ஒரு மூங்கில் குச்சியை நட்டுப் பாருங்கள். சிற்றலைகள் அதில் பட்டு உடையும். மதகு திறந்ததும் வரும் நீண்ட அலை அந்தக் குச்சி இருப்பதையே அறியாமல் கடந்து போகும். 300 மைக்ரான் அலைநீளம் கொண்ட டெராஹெர்ட்ஸ் அலைக்கு 20 மைக்ரான் துகள் அந்த மூங்கில் குச்சி மாதிரி.

சிதறல் மட்டும் குறைந்தால் போதாது, நீர்மம் அலையை விழுங்கவும் கூடாது. எண்ணெய் பெரிதாக விழுங்குவதில்லை. கொழுப்பு மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகள். அவற்றில் மின்னேற்றம் ஒரு பக்கமாகக் கூடி நிற்பது குறைவு. அலையின் மின்புலம் அவற்றைப் பிடித்து உலுக்கப் பிடிமானம் இல்லை. எனவே சில மில்லிமீட்டர் ஆழத்திலிருந்தும், அதிர்வெண்ணைக் குறைத்துக்கொண்டால் அதற்கும் கூடுதலான ஆழத்திலிருந்தும் சேதி வரும். தண்ணீரின் குணம் வேறு. ஒவ்வொரு நீர் மூலக்கூறும் பக்கத்து மூலக்கூறின் கையைப் பிடித்து விடுவதும் மறுபடி பிடிப்பதும் பிக்கோ நொடிக் கணக்கில் நடக்கிறது. ஒரு பிக்கோ நொடி என்பது ஒரு நொடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு. டெராஹெர்ட்ஸ் அலை ஒருமுறை அதிர ஆகும் நேரமும் அதுவே. இரண்டின் தாளமும் ஒத்துப்போவதால் அலையின் ஆற்றல் முழுவதும் நீருக்குள் போய்ச் சேரும். ஒரு மில்லிமீட்டர் நீர்ப்படலத்தைத் தாண்டும்போது ஒரு டெராஹெர்ட்ஸ் அலையில் நூறு கோடியில் ஒரு பங்குகூட மிஞ்சாது.

கலங்கல் என்பது நீர்மத்தின் தனிக்குணம் அல்ல என்று நான் நம்பத் தொடங்கியது இந்த இடத்தில்தான். கண்ணாடி டம்ளரில் தெளிவாகத் தெரியும் சிறுவாணித் தண்ணீர் டெராஹெர்ட்ஸ் அலைக்குக் கரிய சுவர். ஒன்றும் தெரியாத மார்கழி எண்ணெய் அதற்குத் திறந்த சன்னல்.

உள்ளே புகுந்த அலை ஓட்டத்தை எப்படிச் சொல்லும்? முதலில் ஆழம். ஒரு பிக்கோ நொடி மட்டுமே நீளும் குறுந்துடிப்பை உள்ளே அனுப்புகிறார்கள். எண்ணெயின் ஒளிவிலகல் எண் சுமார் 1.5 என்பதால் ஒரு பிக்கோ நொடியில் துடிப்பு அங்கே 0.2 மி.மீ. தூரம் போகும்; போய்த் திரும்ப வேண்டும் என்பதால், எதிரொலி ஒரு பிக்கோ நொடி தாமதமாக வந்தால் அது 0.1 மி.மீ. கூடுதல் ஆழத்திலிருந்து வந்தது என்று பொருள். கிணற்றுக்குள் கல்லைப் போட்டு, சத்தம் வர எவ்வளவு நேரமாகிறது என்று ஆழம் பார்க்கும் அதே கணக்கு. அவ்வளவு நுட்பமாக நேரத்தை வெட்டி அளக்க, ஒரு பிக்கோ நொடியைவிடவும் சிறிதாகத் துடிக்கும் லேசர்கள் வேண்டும். 1980களிலிருந்து அவை ஆய்வகங்களில் இதற்குப் பயன்படுகின்றன.

அடுத்தது வேகம். இதற்குத் தொடர் அலை, டாப்ளர் விளைவு. எதிரே வரும் பேருந்தின் ஹாரன் நம்மைக் கடந்ததும் தணிந்து ஒலிப்பதுபோல, நகரும் துகளில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண்ணும் சற்று மாறும். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்ணெய்க்குள் ஒரு டெராஹெர்ட்ஸ் அலையின் நீளம் 0.2 மி.மீ. துகள் நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் நேராக அலையை நோக்கி வந்தால் அதிர்வெண் 10,000 ஹெர்ட்ஸ் மாறும். குழாய் ஓட்டத்துக்கு 60 டிகிரி சாய்வில் பார்த்தால் அதில் பாதி, 5,000. எண்ணெய் நொடிக்கு பத்து சென்டிமீட்டர் ஊர்ந்தால் 500. இவையெல்லாம் மனிதக் காதுக்குக் கேட்கும் எண்கள். அந்த மாற்றத்தை ஓர் ஒலிபெருக்கியில் கொடுத்தால் வேகமாக ஓடும் நடுப்பகுதி சீழ்க்கையாகக் கேட்கும். ஊர்ந்துபோகும் பகுதி நாதஸ்வரச் சுருதிக்கு இறங்கும். சுவரோரம் கட்டி நின்ற அடுக்கு மௌனமாகிவிடும். மேஸ்திரி மோட்டார் சத்தத்தில் கேட்டதைத்தான் இதுவும் கேட்கிறது. அடுக்கடுக்காகப் பிரித்துக் கேட்கிறது, அவ்வளவே.

மூன்றாவது வழி இன்னும் எளிது. வாய்க்காலில் தண்ணீர் எவ்வளவு வேகம் என்று அறிய நம்மவர்கள் தேங்காய் மட்டையை மிதக்க விட்டு, இரண்டு இடங்களுக்கிடையே எத்தனை நேரமாகிறது என்று பார்ப்பார்கள். மேற்பரப்பு வேகத்தைச் சுமார் 0.85ஆல் பெருக்கினால் சராசரி வேகம் கிடைக்கும் என்பது நீர்ப்பாசனப் பொறியாளர்கள் கையாளும் கணக்கு. குழாயில் இரண்டு இடங்களில் டெராஹெர்ட்ஸ் கற்றைகளைச் செலுத்தினால், கசடும் ஈரமும் திட்டுத்திட்டாகக் கடப்பது இரண்டிலும் ஒரே மாதிரிக் கோலத்தைப் பதியும், சற்றுக் கால இடைவெளியோடு. அந்த இடைவெளியே வேகத்தைச் சொல்லிவிடும்.

ஒரு முரண் உண்டு. அதை மறைத்து எழுதினால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். துகள்கள் அலைநீளத்தைவிடச் சிறியவை என்பதால்தான் அலை உள்ளே போகிறது. ஆனால் டாப்ளருக்கு அந்தத் துகள்களே அலையைத் திருப்பி அனுப்பவும் வேண்டும். சிறிய துகள் என்றால் எதிரொலியும் சன்னமாக இருக்கும். ஊடுருவலையும் எதிரொலியையும் ஒரே நேரத்தில் முழுதாகப் பெற முடியாது. அந்தந்த எண்ணெய்க்கு, அதன் கசட்டுக்கு ஏற்ற அதிர்வெண்ணைத் தேடிப் பிடிக்க வேண்டும். சன்னமான எதிரொலியைப் பிடிக்கும் வழிகளில் எனக்கு மிகவும் பிடித்தது, லேசரையே காதாக்கும் முறை. 2002இல் டெராஹெர்ட்ஸ் அலையை உமிழும் குவாண்டம் கேஸ்கேட் லேசர் வந்தது. உமிழ்ந்த அலை எங்கோ பட்டு மறுபடி லேசருக்குள்ளேயே நுழைந்தால் அதன் மின்னழுத்தம் லேசாக ஆடும். அந்த ஆட்டத்தை மட்டும் அளந்து படமெடுக்கலாம் என்று 2011இல் இங்கிலாந்து, ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். தனியாக ஒரு கண்டறி கருவி வேண்டியதில்லை. பேசுகிற வாயே கேட்கவும் செய்கிறது.

இந்த லேசர்கள் கடுங்குளிரில்தான் வேலை செய்யும் என்பது பெரிய தடையாக இருந்தது. 2020இல் மைனஸ் 23 டிகிரி வரை ஏற்றிவிட்டார்கள். திரவ நைட்ரஜன் இல்லாமல், மின்சாரத்தால் குளிர்விக்கும் சிறு தகடு போதும். ஆனாலும் முழு அமைப்பின் விலை பல லட்சங்களில் தொடங்கிக் கோடியைத் தொடுகிறது. காரின் மேல் பூசிய பெயின்ட் அடுக்குகளின் தடிமன், மாத்திரையின் மேற்பூச்சு போன்றவற்றை அளக்கத் தொழிற்சாலைகள் இதை வாங்கத் தொடங்கிவிட்டன. ஓட்டத்தை அளப்பது இன்னும் பெரும்பாலும் ஆய்வக மேசையில்தான் நடக்கிறது. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடங்களில் இந்த அலைகளைப் பற்றிய ஆய்வு பல ஆண்டுகளாக உண்டு. கொங்கு மண்டலத்துக்கு வழி, என் கணிப்பில், மேலிருந்து வராது, கீழிருந்துதான் வரும். கார்களின் ரேடாருக்காக 77 கிகாஹெர்ட்ஸ் சில்லுகள் லட்சக்கணக்கில் அச்சாகி விலை இறங்கிவிட்டன. தொட்டிகளில் எண்ணெய் மட்டம் பார்க்க 80 கிகாஹெர்ட்ஸ் உணரிகள் சந்தையில் இருக்கின்றன. 120 கிகாஹெர்ட்ஸ் அலை எண்ணெய்க்குள் சுமார் 1.7 மி.மீ. நீளமாகிவிடும், நுட்பம் குறையும், ஆனால் பல சென்டிமீட்டர் குழாயை ஊடுருவும். நொடிக்கு ஒரு மீட்டர் ஓட்டம் அதில் 1,200 ஹெர்ட்ஸ் மாற்றம் தரும். போஸ் நின்ற இடத்துக்குச் சற்று மேலே, அவ்வளவுதான்.

இந்த அலை உலோகத்தைத் தாண்டாது. இரும்புக் குழாயில் ஒரு சாண் நீளம் வெட்டி, பாலிஎத்திலீன் குழாயைப் பொருத்த வேண்டும். டெராஹெர்ட்ஸ் அலைக்கு அந்தப் பிளாஸ்டிக் கண்ணாடி மாதிரி. தோட்டந்தோறும் போர்வெல்லில் இறக்கும் கருப்பு ஓஸும் பாலிஎத்திலீன்தான். ஆனால் அந்தக் கருப்புக்காகச் சேர்க்கும் கரித்தூள் அலையை ஓரளவு விழுங்கும். கரி சேர்க்காத வெள்ளைக் குழாயே இதற்கு ஏற்றது.

எண்ணெயில் ஈரம் எவ்வளவு என்பதும் இதே கற்றையில் தெரிந்துவிடும் என்பதுதான் மில்காரர்களுக்கு வேகத்தைவிடப் பெரிய லாபம் என்று எனக்குப் படுகிறது. 1995இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டெராஹெர்ட்ஸ் அலையால் எடுத்த முதல் படங்களில் ஒன்று ஓர் இலை. பறித்த உடனே ஒரு படம், இரண்டு நாள் கழித்து ஒரு படம். இலையிலிருந்து தண்ணீர் வற்றியது அதில் துலக்கமாகத் தெரிந்தது. சரியாகக் காயாத பருப்பை ஆட்டினால் எண்ணெயில் ஈரம் தங்கும், சில வாரங்களில் சிக்கு வாடை அடிக்கும். தண்ணீரைக் கண்டதும் விழுங்கப்பட்டுப்போகும் அலை, எண்ணெய்க்குள் இருக்கும் சிறு ஈரத்தையும் உடனே காட்டிக்கொடுக்கும். பம்புக்கு அடுத்தபடியாக அந்த ஒரு சாண் வெள்ளைக் குழாய் இருந்தால், களத்திலிருந்து வந்த எந்த லோடு காயாமல் வந்தது என்பது டின்னில் அடைக்கும் முன்பே தெரியும்.

நீர் நிறைந்த மற்றவற்றுக்கு இது உதவாதா? மரவள்ளி மாவுப்பாலின் நடுப்பகுதியை ஒருபோதும் பார்க்க முடியாது. சுவரை ஒட்டிய ஒரு முடியளவு தடிமனை மட்டும் பிரதிபலிப்பில் பார்க்கலாம். மாவுப்பால் சுவரில் ஒட்டி ஊர்கிறதா, வழுக்கிப்போகிறதா என்ற கேள்விக்கு அதுவே போதும். கவுந்தப்பாடிப் பக்கம் ஆலைகளில் கரும்புச் சாறு காய்ச்சும்போது பதம் பார்ப்பது என்பது கடைசியில் எவ்வளவு நீர் மிச்சம் இருக்கிறது என்று பார்ப்பதுதானே. கொதிக்கும் பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டிப் பார்த்து இறக்குவார்கள். அங்கும் நீர் குறையக் குறையப் பிரதிபலிப்பு மாறும்.

மேஸ்திரியிடம் இதில் பாதியைத்தான் சொல்ல முடிந்தது. வெந்நீர்க் குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"அப்ப ஓரத்துல எத்தனை கட்டியிருக்குனு சொல்லிப்போடுமுங்களா?"

"சொல்லுமுங்க. அரை மில்லிமீட்டர் கட்டும்போதே சொல்லும்."

"அரை மில்லியிலயே சொன்னா வெந்நியே வேண்டாமுங்க. பம்பைக் கொஞ்சம் முன்னாடியே ஓட்டி விட்டா அந்தச் சூட்டுலயே இளகிப்போகும்" என்றார். பிறகு குடத்தை எடுத்து, குழாயின் வளைவில், எப்போதும் முதலில் கட்டிக்கொள்ளும் இடத்தில், மெதுவாக ஊற்றினார். கொஞ்ச நேரத்தில் மோட்டார் சத்தம் மாறியது. எனக்கும் கேட்டது.